முதல் சுற்றில் பறந்த கார் நாலாவது சுற்றில் ஏன் மூச்சு வாங்குகிறது?

கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ஏப்ரல் மதியம். நண்பன் தன் டர்போ பெட்ரோல் காரைப் புதிதாக ரீமேப் செய்து, அதாவது எஞ்சினை நடத்தும் கணினியின் மென்பொருளைச் சக்தி கூடும்படி மாற்றி, டிராக் டேவுக்குக் கொண்டுவந்திருந்தான். 2.1 கிலோமீட்டர் சுற்று. முதல் சுற்றில் நேர்ப்பாதையில் அந்தக் கார் போன போக்கைப் பார்த்து நாங்கள் வாய் பிளந்து நின்றோம். இரண்டாவதும் பரவாயில்லை. நாலாவது சுற்றில் நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஆக்ஸிலரேட்டர் தரையோடு ஒட்டியிருக்கிறது, பூஸ்ட் மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது, கார் மட்டும் நாலு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதுபோல முனகுகிறது.

"மாப்ள, ரீமேப்ப யாராச்சும் திருடிட்டுப் போயிட்டாங்களாடா?" என்றான்.

பிட்டில் நிறுத்தினோம். கூட வந்திருந்த மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்தார். கையுறை மாட்டிக்கொண்டு, இன்டர்கூலருக்குள் போகிற குழாயை ஒரு கையாலும் வெளியே வருகிற குழாயை இன்னொரு கையாலும் பிடித்துப் பார்த்தார். "தம்பி, போற பக்கமும் வர்ற பக்கமும் ஒரே சூடா இருக்குதுங்க. இது இப்போதைக்கு வெறும் குழாய்தான்" என்றார்.

ஹீட் சோக் என்பது அதுதான். டர்போ அனுப்பும் காற்றின் சூட்டைக் குறைக்க வேண்டிய இன்டர்கூலர் தானே சூடேறிப்போய், காற்றை வெறுமனே கடத்திவிடும் குழாயாக மாறிவிடுவது. அது எப்படி நடக்கிறது, ரீமேப் செய்த காரில் ஏன் இவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

அழுத்தினால் சூடு

டர்போவின் வேலை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம், சக்தியும் கூடும்.

புகைப் பக்கம் தணலாகச் சிவந்து கிடப்பதால் அந்தச் சூடுதான் காற்றுப் பக்கம் ஏறிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் ஏறுவது உண்மைதான். ஆனால் பெரும்பங்கு சூடு அங்கிருந்து வருவதில்லை. காற்றை அழுத்தினாலே அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது கையறிந்த உண்மை: நாற்பது ஐம்பது அடி அடித்த பிறகு பம்பின் அடிப்பாகம் தொட முடியாதபடி சுடும். அங்கே எந்தப் புகையும் இல்லை.

எவ்வளவு சூடாகும்? வெளியே 35 டிகிரி வெயில், டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது வெளிக்காற்றுக்கு ஏற்கனவே இருக்கும் 1 பாருக்கு மேல் இன்னொரு 1 பார், காற்றின் அழுத்தம் இரட்டிப்பாகிறது. காற்றை அழுத்தும் அந்தச் சக்கரம், அதாவது கம்ப்ரஸர், குறையே இல்லாததாக இருந்தால் காற்றின் சூடு 67 டிகிரி அளவு கூடும். ஆனால் நிஜத்தில் கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் இருந்தாலே நல்ல டர்போ. மீதி வீணாகும் உழைப்பும் சூடாகத்தான் போய்ச் சேரும். ஆக ஏற்றம் 96 டிகிரி. டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 131 டிகிரி. தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டிவிட்டது.

இதில் இரண்டு நட்டம். சூடான காற்று விரிந்துகொள்ளும். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கியும் உள்ளே போகும் காற்றின் எடை இரண்டு மடங்கு ஆகவில்லை. 131 டிகிரியில் கணக்குப் போட்டால் ஒன்றரை மடங்குதான் தேறுகிறது. இதே காற்றை 55 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஏறக்குறைய 1.9 மடங்கு கிடைக்கும். பூஸ்ட் மீட்டர் அழுத்தத்தை மட்டும்தான் காட்டும், காற்றின் எடையைக் காட்டாது. நண்பனின் காரில் முள் சரியான இடத்தில் நின்றும் கார் ஓடாததற்குப் பாதிக் காரணம் இது.

மறுபாதி, நாக்கிங். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ஸ்பார்க் பிளக் சொல்லும் நேரத்தில் பற்றி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீராக எரிய வேண்டும். உள்ளே வரும் காற்றே சூடாக இருந்தால், தீ போய்ச் சேருமுன் ஒரு மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல அது. இதைத் தவிர்க்க, எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூ பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறது. பல கார்களில் உள்ளே போகும் காற்று 50, 60 டிகிரியைத் தாண்டினாலே இந்தப் பின்வாங்கல் ஆரம்பித்துவிடும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், சக்தி போய்விடும். ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் போட்டால் இந்த எல்லை சற்றுத் தள்ளிப் போகும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100ஐத் தேடி டிராக் டேக்காரர்கள் அலைவது அதற்காகத்தான். ஆனால் அது காற்றின் சூட்டைக் குறைக்காது, சூட்டைப் பொறுத்துக்கொள்ள மட்டும் உதவும்.

டீசல்காரர்களுக்கு நாக்கிங் கவலை இந்த மாதிரி இல்லை. ஆனால் காற்று விரிந்துபோகும் நட்டம் அவர்களுக்கும் உண்டு. டாடாவின் பழைய 497 டிசிஐசி எஞ்சினைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயரில் வரும் கடைசி ஐசி இன்டர்கூலரைக் குறிப்பதுதான். லாரிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட எழுத்து.

குளமும் மதகும்

இன்டர்கூலர் பார்க்க ரேடியேட்டர் மாதிரியே இருக்கும் ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே தட்டையான குழாய்களில் டர்போவின் சூடான காற்று போகும். வெளியே மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவே கார் ஓடும் வேகத்தில் எதிர்க்காற்று வீசும். சூடு உள்ளிருந்து அலுமினியத்துக்கும், அலுமினியத்திலிருந்து வெளிக்காற்றுக்கும் கை மாறும். டீக்கடையில் ஆற்றுகிறவர் டீயை நீளமாக இழுத்து விடுவதும் இதற்காகத்தான், காற்று படும் பரப்பு கூடட்டும் என்று.

சுற்றியிருக்கும் காற்றைவிடக் கீழே எந்தக் காற்று இன்டர்கூலராலும் குளிர்விக்க முடியாது. 35 டிகிரி வெயிலில் 35க்குக் கீழே போகாது. அதுவரைக்கும் எவ்வளவு நெருங்குகிறது என்பதுதான் அதன் திறன். 131இல் உள்ளே போய் 55இல் வெளியே வந்தால், இறக்க முடிந்த 96 டிகிரியில் 76 இறக்கியிருக்கிறது. திறன் 79 சதவீதம். நல்ல மார்க்தான்.

ஆனால் இந்த ஒரு மார்க்கை மட்டும் வைத்து இன்டர்கூலரை எடைபோடுவது எனக்குச் சம்மதமில்லை. விளம்பரங்களில் வரும் சதவீதம் எந்த நொடியில் எடுத்தது என்று யாரும் சொல்வதில்லை. இன்டர்கூலருக்கு ஒன்றல்ல, இரண்டு வேலை.

ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வெள்ளம் வந்து சேர்கிறது. குளம் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்கிறது, மதகு வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. இன்டர்கூலரின் அலுமினிய எடைதான் குளம். அதன் மேல் வீசும் எதிர்க்காற்றுதான் மதகு. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது வருவது வெள்ளம். ஒரே ஒரு மழைக்கு எந்தக் குளமும் தாங்கும். மழை விட்டு விட்டுப் பெய்து, மதகும் சின்னதாக இருந்தால்தான் கரை உடையும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவு. 150 குதிரைத்திறன் கார் முழுச் சக்தியில் ஓடும்போது நொடிக்கு ஏறக்குறைய 110 கிராம் காற்றை விழுங்குகிறது. அதை 76 டிகிரி குளிர்விக்க வேண்டுமானால் எடுத்துத் தள்ள வேண்டிய வெப்பம் சுமார் 8.5 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் நாலை ஒன்றாகப் போட்டால் வரும் சூடு அது. இப்போது இன்டர்கூலரின் கோரில், அதாவது குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதியில், 5 கிலோ அலுமினியம் இருக்கிறது என்று கொள்வோம். ஒரு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 கிலோஜூல் போதும். 5 கிலோவை 60 டிகிரி ஏற்ற 270 கிலோஜூல். எதிர்க்காற்றே இல்லாமல் கார் நின்ற இடத்தில் கத்தினால், அரை நிமிடத்தில் குளம் நிரம்பிவிடும்.

அரை நிமிடம். காரை நின்ற இடத்தில் உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவில் ஒரு ஓட்டத்துக்கு அதைவிடக் குறைவான நேரமே ஆகும். அதனால்தான் டைனோ தாளில் அச்சடித்துக் கொடுக்கும் எண் பெரும்பாலும் குளத்தின் பெருமை, மதகின் பெருமை அல்ல. முன்னால் ஒரு மின்விசிறியை வைத்துவிட்டு, ஒரே ஓட்டத்தில் கிடைத்த எண்ணைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அடுத்தடுத்து இடைவெளி விடாமல் ஐந்து முறை ஓட்டச் சொல்லுங்கள். ஐந்தாவது தாள்தான் காரின் உண்மையான தாள். என் நண்பன் வைத்திருந்தது முதல் தாள்.

ரீமேப் என்ன செய்கிறது

ரீமேப் செய்தால் பூஸ்ட் கூடும். 1 பாரிலிருந்து 1.5 பார் என்று வைத்துக்கொள்வோம். போகும் காற்றும், சக்தியும் ஏறக்குறைய கால் பங்கு கூடும். ஆனால் வெப்பம் கால் பங்கு மட்டும் கூடுவதில்லை.

அதே 35 டிகிரி வெயில், அதே 70 சதவீதக் கம்ப்ரஸர். 1.5 பாரில் டர்போவை விட்டு வரும் காற்று இப்போது 167 டிகிரி. ஏற்றம் 96லிருந்து 132 ஆகிவிட்டது. காற்றின் அளவும் கூடியிருக்கிறது, ஒவ்வொரு கிராம் காற்றும் சுமந்து வரும் சூடும் கூடியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் இன்டர்கூலர் தலையில் விழும் வெப்பம் சுமார் 70 சதவீதம் கூடுதல், 15 கிலோவாட்டைத் தொடுகிறது. ஏழு கீசர். குளம் நிரம்பும் நேரம் 30 நொடியிலிருந்து 18 நொடிக்கு இறங்கிவிடும்.

இதுவும் நல்லபடியான கணக்கு. கம்பெனி பொருத்திய சின்ன டர்போவை அதன் வசதியான எல்லைக்கு மேலே முடுக்கினால் அதன் திறன் 70இலிருந்து 65, 60 என்று சரியும். அப்போது அதே பூஸ்டுக்கு இன்னும் அதிகச் சூடு. கார்க் கம்பெனிப் பொறியாளர் இன்டர்கூலர் அளவை முடிவு செய்தபோது விலை, எடை, இடம் எல்லாம் பார்த்து, தன் 150 குதிரைக்குக் கொஞ்சம் மிச்சம் விட்டுத்தான் செய்திருப்பார். அந்த மிச்சத்தைத்தான் ரீமேப் தின்கிறது.

இந்தச் சிக்கல் கார்களுக்கு வருவதற்கு முன்பே விமானங்களுக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் லாக்ஹீட் பி-38 லைட்னிங் இரட்டை எஞ்சின் போர் விமானம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு டர்போ. இன்டர்கூலரை இறக்கையின் முன்விளிம்புக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்கள், காற்றுத் தடை குறையட்டும் என்று. ஆரம்பத்தில் இருந்த 1,000 குதிரைத்திறன் அளவு எஞ்சினுக்கு அது போதுமாக இருந்தது. எஞ்சின்கள் வலுக்க வலுக்க, இறக்கைக்குள் இருந்த இன்டர்கூலரால் ஈடுகொடுக்க முடியவில்லை. எஞ்சினில் சக்தி இருந்தும் விமானியால் அதை முழுதாகப் பயன்படுத்த முடியாத நிலை. 1943இல் வந்த பி-38ஜே வகையில் அதை இறக்கையிலிருந்து பிடுங்கி, எஞ்சினுக்கு அடியில் தாடை மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் பெட்டியாக வைத்தார்கள். அழகு கொஞ்சம் போனது, சக்தி வந்தது. ஸ்டேஜ் 1 என்னும் முதல் கட்ட ரீமேப் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பெரிய இன்டர்கூலர் தேடுகிறவர்களின் கதை இதேதான்.

கார்களில் போர்ஷே 911 டர்போவைச் சொல்லலாம். 1975இல் 3 லிட்டர் எஞ்சினோடு விற்பனைக்கு வந்தபோது இன்டர்கூலர் கிடையாது, 260 குதிரை. 1978இல் எஞ்சின் 3.3 லிட்டராக வளர்ந்தது, கூடவே இன்டர்கூலரும் வந்தது, 300 குதிரை. பின்னால் இருக்கும் அந்தத் தட்டு மாதிரியான ஸ்பாய்லர் ஏன் அவ்வளவு தடித்திருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கு அடியில்தான் இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு வகைச் சூடு

ஹீட் சோக் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, மேலே சொன்ன தொடர் ஓட்டம். இன்னொன்று, கார் நிற்கும்போது வருவது.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கால்மணி நேரம் சுடும் அல்லவா, எஞ்சினும் அப்படித்தான். ஓடிய காரை நிறுத்தியதும் தண்ணீரும் நிற்கிறது, காற்றும் நிற்கிறது. டர்போவிலும் எஞ்சின் கட்டையிலும் தேங்கிய சூடு மேலே கிளம்பி பானட்டுக்கு அடியில் இருக்கும் எல்லாவற்றையும் வேக வைக்கிறது. சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் மாதிரிக் கார்களில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே இருக்கும். பானட்டில் மூக்கு மாதிரி ஒரு துளை வழியாகக் காற்று வரும். எஞ்சின் தட்டையாகப் படுத்திருப்பதால் மேலே இடம் கிடைத்தது, குழாயும் குட்டை. கார் ஓடிக்கொண்டிருக்கும்வரை அருமையான ஏற்பாடு. சிக்னலில் நின்றால் அந்த இன்டர்கூலர் அடுப்பின் மேல் வைத்த தட்டு. ஜப்பானில் விற்ற அதன் வேகமான வகையான எஸ்டிஐ கார்களில் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்பிரே வைத்தார்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற அதே தந்திரம்: தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகும்.

இன்டர்கூலர் முன்னால் இருந்தாலும் சென்னைப் போக்குவரத்தில் தப்ப முடியாது. பக்கத்திலேயே ஏசி கண்டென்சர் கக்கும் சூடு, பின்னால் ரேடியேட்டர். முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போவில் சின்ன இன்டர்கூலர் முன்பம்பரின் ஒரு மூலையில், சக்கரத்துக்கு முன்னால் ஒதுங்கியிருந்தது. ரேடியேட்டர் மின்விசிறி சுற்றினாலும் அந்த மூலைக்குப் பலன் போய்ச் சேராது. அந்தக் காரை முடுக்கியவர்கள் முதலில் மாற்றியது அதைத்தான்.

நின்றதால் வந்த சூடு கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து பணம் செலவழிக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதும் இறங்க மறுக்கும் சூடுதான் வில்லங்கம். இன்னொரு ஏமாற்று: நிறுத்தி எடுத்தவுடன் மீட்டரில் தெரியும் 70 டிகிரி பல சமயம் காற்றின் சூடே அல்ல, சென்சார் உட்கார்ந்திருக்கும் மேனிஃபோல்டின், அதாவது எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதியின், சூடு. காற்று ஓட ஆரம்பித்ததும் சரியான எண்ணுக்கு வந்துவிடும்.

தண்ணீரைக் கூட்டாளியாக்கினால்

சில கார்களில் இன்டர்கூலரின் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் முன்னால் இருக்கும் தனி ரேடியேட்டருக்குச் சுற்றி அனுப்பும். ஃபோக்ஸ்வேகனின் 1.4 டிஎஸ்ஐயில் இந்தக் கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும். காற்று போக வேண்டிய தூரம் குறைவு, மிதித்தவுடன் பதில் வரும்.

குளக் கணக்கில் சொன்னால் இது பெரிய குளம். எடைக்கு எடை தண்ணீர் அலுமினியத்தைவிட நாலரை மடங்குச் சூட்டைப் பிடித்து வைக்கும். 4 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 500 கிலோஜூல் வேண்டும். ஆகவே ஊருக்குள் சட்டென்று ஒரு முந்தல், நேர்ப்பாதையில் கால் மைல் மட்டும் பாயும் டிராக் (drag) ரேஸ் ஓட்டம் என்றால் தண்ணீர்தான் ராஜா. டிராக் ரேஸ்காரர்கள் தொட்டியில் ஐஸ் கட்டி போடுவதும் இதனால்தான். 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமனில் ஒரு படி மேலே போய், கார் ஏசியின் குளிரையே திருப்பி இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்வித்தார்கள். அது டர்போ அல்ல, புகைக்குப் பதில் எஞ்சினே நேரடியாகச் சுழற்றும் சூப்பர்சார்ஜர். சூடு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் பெரிய குளம் நிரம்பிவிட்டால் வடியவும் நேரம் பிடிக்கும். இருபது நிமிடம் விடாமல் ஓடும் டிராக்கில் தண்ணீர் ஒருமுறை சூடேறிவிட்டால், முன்னால் இருக்கும் ரேடியேட்டர் சின்னதாக இருந்தால், மீள்வது கஷ்டம். நீண்ட ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்தது நன்றாகக் காற்று படும் சாதாரணக் காற்று இன்டர்கூலர்தான். பம்ப் பழுதாகும் பயமும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். காரின் கணினியில் இருக்கும் எண்களைப் போனுக்கு அனுப்பும் ஓபிடி ப்ளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, போனில் ஒரு ஆப் போட்டால் போதும். உள்ளே போகும் காற்றின் சூட்டைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். சில கார்களில் டர்போவுக்கு முன்னால் ஒன்று, இன்டர்கூலருக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு சென்சார் இருக்கும். பின்னால் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. அதிலிருந்து வெளி வெயிலைக் கழித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் எடுத்த எண்ணையும் சித்திரையில் எடுத்த எண்ணையும் ஒப்பிட வேறு வழியில்லை. அப்புறம், டிராக்கில் ஒரு முழு மிதிக்குப் பிறகு அந்த எண் பழைய இடத்துக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். நான் எல்லாவற்றையும்விட நம்புவது இந்த நேரத்தைத்தான். உச்சம் குளத்தைக் காட்டும், மீளும் நேரம் மதகைக் காட்டும். பொதுச்சாலையில் இதைச் செய்து பார்க்காதீர்கள். போலீஸ் பிடிப்பது ஒருபக்கம் இருக்கட்டும், ஆடு மாடு குறுக்கே வரும்.

அடுத்தது காற்றுக்கு வழி. கிரில்லுக்குள் நுழைகிற காற்று சோம்பேறி. இன்டர்கூலரின் ஃபின்களுக்கு நடுவே நெருக்கிப் போவதைவிட, ஓரத்தில் ஒரு சந்து இருந்தால் அந்தப் பக்கமாக நழுவிவிடும். பம்பருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே இருக்கும் சந்துகளைத் தகடோ ரப்பர் பட்டையோ வைத்து அடைத்தாலே பல கார்களில் பெரிய வித்தியாசம் தெரியும். செலவு சில நூறுகள். படம் எடுத்துப் போட ஏற்ற அலங்காரம் எதுவும் இதில் இல்லாததால் யாரும் செய்வதில்லை. முன்னால் மாட்டிய கூடுதல் விளக்கு, அகல நம்பர் பிளேட், ஃபின்களில் அப்பிய பூச்சியும் சேறும், கல் பட்டு வளைந்த ஃபின், எல்லாம் மதகை அடைக்கும் குப்பைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் கோரை மாற்றலாம். கடையில் இரண்டு வகை சொல்வார்கள். பார் அண்ட் பிளேட் கனமானது, குளம் பெரியது, மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். டியூப் அண்ட் ஃபின் லேசானது, சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும், பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றை விடும். எது உசத்தி என்ற சண்டையை விட உங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்று பார்ப்பது நல்லது. பெரியது எல்லாம் நல்லதும் அல்ல. உள்ளே ஃபின் மிக நெருக்கமாக இருந்தால் காற்று முட்டி முட்டிப் போகும், அழுத்தம் விழும். 0.1 பார் அளவுக்கு விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 0.2 பார் விழுந்தால், மேனிஃபோல்டில் 1.5 வேண்டும் என்பதற்காக டர்போ 1.7 கொடுக்க வேண்டிவரும், அதாவது இன்னும் சூடு. குளிர்விக்க வந்த சாமானே சூட்டைக் கூட்டுகிற கதை. பெரிய இன்டர்கூலர் நிரம்ப நேரமாகும், மிதித்த பிறகு சக்தி வரத் தாமதமாகும் டர்போ லேக் வரும் என்ற பயம் மட்டும் வேண்டியதில்லை. கூடுதலாக நாலு லிட்டர் இடம் நிரம்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஆகும்.

இன்டர்கூலருக்குக் கறுப்பு வண்ணம் அடித்தால் குளிரும் என்பார்கள். இங்கே சூட்டை எடுத்துப் போவது காற்றின் ஓட்டம்தான், நிறத்துக்குப் பங்கு மிகக் குறைவு. மெல்லிசாக அடித்தால் கெடுதல் இல்லை, அவ்வளவுதான். தடிமனாகப் பூசினால் சட்டை போட்ட மாதிரி ஆகிவிடும்.

நண்பனின் காருக்கு வருகிறேன். மெக்கானிக் அண்ணன் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தார். கீழ் கிரில்லில் இன்டர்கூலருக்கு நேர் எதிரே இரண்டு பெரிய வட்ட விளக்குகள், போன வருடம் ஊட்டி போவதற்காக மாட்டியது. "வாசலையே மறைச்சு வெச்சுட்டு காத்து வரலீன்னா எப்படிங்க வரும்?" என்றார். விளக்கைக் கழற்றினோம். பிட்டில் கிடந்த அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து, இரண்டு பக்கச் சந்தையும் அடைத்து, டேப் சுற்றினோம். பார்க்கச் சகிக்கவில்லை. ஏசியையும் நிறுத்தச் சொன்னேன், நண்பன் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினான்.

அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடியும் கிளம்பினோம். போனில் சூட்டை நான் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கால் எடுக்கும்போது எண் இறங்கியது. முன்பு அது இறங்கவே இல்லை. நாலாவது சுற்றில் நேர்ப்பாதையில் கார் முதல் சுற்று மாதிரியே இழுத்தது. ஐந்தாவதிலும். ஆறாவது சுற்றில் நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை மிதித்தவன், "டேய், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுதுடா" என்று கத்தினான். அங்கேயும் சூடுதான்.